கயிறு கட்டுமுன் கியர் பெட்டியைக் கேளுங்கள்

திருகோணமலை நிலாவெளி வீதியில் ஒரு கார் நின்றுவிட்டால் ஐந்து நிமிடத்துக்குள் நாலு பேர் கூடிவிடுவார்கள். பத்து நிமிடத்துக்குள் யாராவது மீன் வாடிக்குப் போய் நீலக் கயிறு ஒன்றை எடுத்துவந்துவிடுவார். எங்கள் ஊரின் நல்ல குணம் அது. ஆனால் அந்தக் கயிற்றால் உப்புவெளி வரைக்கும் இழுத்துவந்த காருக்கு, முதலில் வந்த பழுதைவிடப் பத்து மடங்கு செலவு வைக்கிற இன்னொரு பழுது வந்து சேர்வதும் உண்டு. பெற்றரி இறங்கி நின்ற கார், கராஜுக்கு வந்து சேரும்போது கியர் பெட்டி போன காராக வந்து சேரும்.

இருபது வருடத்துக்கு முன் இது இவ்வளவு பெரிய பிரச்சினை இல்லை. அப்போது வீதியில் ஓடியவை பெரும்பாலும் கையால் கியர் போடுகிற சன்னி, லான்சர், டொல்பின் வான், மாருதி. நியூட்ரலில் போட்டு இழுத்தால் வரும். இப்போது நிற்கிற காரைப் பாருங்கள்: அக்குவா, பிரியஸ், வெசல், வகன் ஆர், விற்ஸ். ஏறக்குறைய எல்லாமே ஓட்டோ கியர் அல்லது ஹைபிரிட். கயிறு பழைய கயிறுதான், கார் மாறிவிட்டது.

ஓட்டோ கியர் பெட்டிக்குள் ஒயிலைச் சுற்றவைக்கும் பம்ப் ஒன்று இருக்கிறது. அந்தப் பம்பைச் சுழற்றுவது எஞ்சின். எஞ்சின் நின்றால் பம்பும் நின்றுவிடும். அந்த நிலையில் காரை இழுத்தால், தரையில் உருளும் சக்கரம் கியர் பெட்டியின் பின்பாதியைச் சுழற்றிக்கொண்டே இருக்கும். உள்ளே பற்சக்கரங்களும் பெயரிங்குகளும் ஒயில் வராமல் உராயும். வெளியே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது, சத்தமும் வராது. நியூட்ரலில் போட்டிருக்கிறோமே என்று நினைப்பவர்கள் இதைத்தான் தவறவிடுகிறார்கள். நியூட்ரல் எஞ்சினையும் சக்கரத்தையும் பிரித்துவிடுகிறது, சரி. சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் பாகங்களை அது நிறுத்துவதில்லை.

ஓட்டோவில் ஒரு வகையான சி.வி.ரி. கியர் பெட்டியில் இது இன்னும் மோசம். அதில் இரும்புப் பட்டி ஒன்று இரண்டு கப்பிகளுக்கிடையில் ஒயில் அழுத்தத்தால் இறுக்கிப் பிடிக்கப்பட்டிருக்கும். அழுத்தம் இல்லாமல் உருண்டால் பட்டி வழுக்கிக் கப்பியின் முகத்தைக் கீறிவிடும். கீறல் விழுந்த கப்பியை மெருகேற்றித் திருத்த முடியாது, மாற்றத்தான் வேண்டும்.

ஹைபிரிட் காரில் கதை வேறு. பிரியஸிலும் அக்குவாவிலும் முன் சக்கரத்தோடு மின் மோட்டார் நிரந்தரமாகப் பற்சக்கரத்தால் இணைந்திருக்கிறது. நியூட்ரலில் போட்டாலும் அந்த இணைப்பு விடுபடாது. மோட்டாரில் காந்தம் இருப்பதால், சக்கரம் உருண்டால் அது ஜெனரேற்றராக மாறி மின்சாரத்தை உண்டாக்கும். கார் எந்தக் கோளாறால் நின்றது என்று தெரியாமல் இருக்கும்போது அந்த மின்சாரம் எங்கே போகும் என்பதும் தெரியாது. தீப்பிடிக்கக்கூடும் என்று டொயோட்டாவின் கையேடே எச்சரிக்கிறது. முழு மின்சாரக் காரான லீஃபுக்கும் இதே விதிதான். ஆகவே என் கருத்து மிகச் சுருக்கமானது: ஹைபிரிட், மின்சாரக் கார், சி.வி.ரி. மூன்றிலும் முன் சக்கரம் தரையில் உருளக் கூடாது. காரை முழுதாக மேலே ஏற்றிச் செல்லும் கரியர் லொறி வரவேண்டும், இல்லாவிட்டால் முன் சக்கரங்களைத் தூக்கி இழுக்கும் வண்டி வரவேண்டும். நாலு சக்கரமும் இழுக்கும் வெசல், ஈ-ஃபோர் பிரியஸ் போன்றவைக்கு முன்பக்கம் தூக்குவதும் சரிவராது, கரியர் ஒன்றுதான் வழி. கார் வளைவில் நின்றுவிட்டது, பின்னால் லொறி வருகிறது என்றால் ஐம்பது மீற்றர் நடைவேகத்தில் தள்ளி ஓரம்கட்டலாம். அதற்கு மேல் வேண்டாம்.

முழுக் காப்புறுதி உள்ள பலருக்குத் தங்கள் காப்புறுதியில் இழுத்துச் செல்லும் கட்டணமும் சேர்ந்திருக்கிறதா என்பதே தெரியாது. அட்டையின் பின்பக்கத்தை இன்றைக்கே ஒருமுறை பாருங்கள். வீதியோரத்தில் வெயிலில் நின்றுகொண்டு தேடுகிற விடயம் அல்ல அது.

கையால் கியர் போடும் காரை இழுக்கலாம். முன் சக்கரம் இழுக்கும் அல்ட்டோ போன்ற சின்னக் கார்களில், சக்கரம் சுழலும்போது கியர் பெட்டியின் அடியில் இருக்கும் பெரிய பற்சக்கரமே ஒயிலை வாரி இறைத்துக்கொள்ளும். பின் சக்கரம் இழுக்கும் பழைய வான்களில் கவனம் தேவை. அவற்றில் ஒயிலை இறைப்பது கியர் பெட்டிக்குள் இருக்கும் அடித் தண்டு, அதைச் சுழற்றுவது எஞ்சின். டொல்பின் வானைச் சாம்பல்தீவிலிருந்து பட்டணத்துக்கு மெதுவாக இழுத்துவரலாம். கந்தளாயிலிருந்து நாற்பது கிலோமீற்றர் இழுப்பதென்றால், கியர் பெட்டியிலிருந்து பின் அச்சுக்குப் போகும் நீண்ட தண்டான புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றிவிடுங்கள். ஓட்டோ கியர் கே.டி.எச். வானாக இருந்தால் கிட்ட இழுப்பதற்கும் அதைக் கழற்றத்தான் வேண்டும். பின் அச்சுப் பக்கம் நாலு போல்ட். கழற்றுமுன் இரண்டு முகத்துக்கும் குறுக்காகப் பெயின்டால் ஒரு கோடு போடுங்கள், திரும்பப் பூட்டும்போது அதே இடத்தில் பூட்டாவிட்டால் வண்டி அதிரும். கழற்றிய நுனியை அடிச்சட்டத்தோடு கம்பியால் தூக்கிக் கட்டுங்கள். ஷாஃப்ட் கியர் பெட்டியிலிருந்தே உருவி வந்துவிட்டால் அந்தத் துவாரத்தால் ஒயில் ஒழுகும். தடித்த பொலித்தீன் பையை மடித்து ரப்பர் பட்டியால் இறுக்கிக் கட்டிவிடலாம்.

பிரேக் வேலை செய்யாத காரையும், ஸ்டியரிங் பழுதான காரையும் எந்தக் கியராக இருந்தாலும் கயிற்றில் கட்டக் கூடாது. இதில் பேச்சுக்கு இடமில்லை.

இனிக் கயிறு. பழுதான காரைச் சமதரையில் உருட்ட அதிகம் பலம் வேண்டாம். ஒரு தொன் காருக்குத் தார் வீதியில் பதினைந்து, இருபது கிலோ இழுவை போதும். பத்துக்கு ஒன்று என்ற ஏற்றத்தில் அதோடு நூறு கிலோ கூடும். இதைப் பார்த்துத்தான் எந்தக் கயிறும் போதும் என்று நினைக்கிறோம். கயிறு அறுவது இழுக்கும்போது அல்ல, தொய்ந்து பின் வெடுக்கென்று இறுகும்போது. ஒரு தொன் காருக்கும் முன்னால் போகும் பாரமான வண்டிக்கும் இடையில் செக்கனுக்கு 2 மீற்றர் வேக வித்தியாசம் வந்துவிட்டது என்று வையுங்கள். நடையைவிடக் கொஞ்சம்தான் கூட. அந்த வேகத்தைக் கயிறு 10 சென்ரிமீற்றர் நீளுவதற்குள் விழுங்கவேண்டுமானால் சராசரியாக ஏறத்தாழ 2 தொன் விசை வரும். 40 சென்ரிமீற்றர் நீளுமானால் அரைத் தொன்னோடு முடிந்துவிடும். நீளுகிற கயிறு நல்ல கயிறு என்பதன் காரணம் இதுதான். இரும்பு வயர் நீளாது. அடியை முழுதாகக் கொளுவியில் இறக்கும், அறுந்தால் வாள் மாதிரி வீசும்.

எங்கள் கரையில் கைக்குக் கிடைக்கும் நீல, பச்சைக் கயிறு பெரும்பாலும் பொலிப்புரொப்பிலீன். தண்ணீரில் மிதப்பதால் கடற்றொழிலுக்கு அது நல்லது. ஆனால் வெயிலில் கிடந்து உக்கிவிடும், உராய்வுச் சூட்டில் இளகிவிடும். நைலோன் நன்றாக நீளும். எது எதென்று சந்தேகம் வந்தால் ஒரு துண்டை வெட்டி வாளித் தண்ணீரில் போடுங்கள். மிதந்தால் அது நைலோன் அல்ல, பெரும்பாலும் பொலிப்புரொப்பிலீன். தாழ்ந்தால் நைலோனாக இருக்கலாம். கயிறோ பட்டியோ, அறும் பலம் காரின் எடையைப்போல் மூன்று மடங்காவது இருக்கவேண்டும். முடிச்சுப் போட்ட இடத்தில் கயிறு தன் பலத்தில் மூன்றிலொரு பங்கு முதல் பாதி வரை இழந்துவிடும். ஆகவே இரண்டு நுனியிலும் தைத்த கண் உள்ள பட்டியும், கப்பல் சாமான் கடையில் விற்கும் இரண்டு சாக்கிளும் டிக்கியில் கிடந்தால் நல்லது. நீளம் 4 முதல் 5 மீற்றர். நடுவில் சிவப்புத் துணி ஒன்றைக் கட்டுங்கள். சந்தியில் இரண்டு வண்டிக்கும் நடுவால் மோட்டார் சைக்கிளை விடப் பார்ப்பவர் உண்டு. கயிறு அவர் கண்ணுக்குத் தெரியவே தெரியாது.

எங்கே கொளுவுவது? யப்பான் கார்களில் இழுவைக் கண் என்று தனியாக ஒரு இரும்பு வளையம் வரும். டிக்கியில் ஜாக்கியோடு வைத்திருப்பார்கள். முன் பம்பரில் சின்னச் சதுர மூடி ஒன்று இருக்கும். அதன் ஓரத்தில் துணி சுற்றிய திருப்புளியை விட்டு நெம்பினால் மூடி வரும், உள்ளே மரை இருக்கும். கையால் முழுதாகத் திருகி, கடைசியில் வீல் ஸ்பானரின் தண்டை வளையத்துக்குள் விட்டு இறுக்குங்கள். அரைகுறையாகத் திருகிய கண் முதல் வெடுக்கிலேயே வளைந்து மரையையும் கெடுத்துவிடும். சில ஐரோப்பியக் கார்களில் மரை இடப்பக்கம் திருகும். பழைய காரை வாங்கியவர்களின் ஜாக்கிப் பையில் பெரும்பாலும் இந்தக் கண் இருக்காது, போய்ப் பாருங்கள். காரின் அடியில் தெரியும் மெல்லிய கொளுவிகள் கப்பலில் ஏற்றும்போது கீழ்நோக்கிக் கட்டுவதற்காக வைத்தவை. முன்னோக்கி இழுக்க உகந்தவை அல்ல. பம்பர், ரேடியேற்றர் சட்டம், ஸ்டியரிங் தண்டு, சக்கரத்தைப் பிடித்திருக்கும் லோவர் ஆர்ம் எதிலும் கட்டவேண்டாம். லோவர் ஆர்மில் கட்டினால் கார் வரும்தான், பிறகு டயர் ஒரு பக்கமாகத் தேயும்.

முன்னால் இழுக்கும் வண்டி பின்னால் வருவதைவிடப் பாரமாக இருக்கவேண்டும். டபிள் கெப், லொறி, பாரமான வான் நல்லவை. பட்டா லொறியும் முச்சக்கர வண்டியும் வேண்டாம். நிறுத்தும்போது பின்வண்டி அவற்றைத் தள்ளிக்கொண்டு போய்விடும்.

புறப்படுமுன் பின்காரில் செய்யவேண்டியதை விளங்கப்படுத்துகிறேன், ஏனென்றால் விபத்து நடப்பது அங்கேதான். சாவியைத் திருப்பி ஸ்டியரிங் பூட்டு விடுபட்டிருக்கிறதா என்று இரண்டு பக்கமும் திருப்பிப் பாருங்கள். பாதி வழியில் சாவியை உருவினால் முதல் வளைவில் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். எஞ்சின் நின்ற காரில் பிரேக் உதவி இரண்டு, மூன்று மிதிக்குத்தான் வரும். அதற்குப் பிறகு மிதி கல் மாதிரி இறுகிவிடும். பிரேக் போகவில்லை, முழுப் பலத்தையும் காலால் கொடுக்கவேண்டும், அவ்வளவுதான். ஸ்டியரிங்கும் அப்படித்தான். எனவே நிற்கும்போதே நாலைந்து தரம் மிதித்து அந்த இறுக்கத்தைக் காலுக்குப் பழக்குங்கள். பின்காரில் இருப்பவர் நல்ல அனுபவமுள்ள சாரதியாக இருக்கவேண்டும். நம்மில் பலர் செய்வது நேர்மாறு: தெரிந்தவர் முன்வண்டியை ஓட்ட, வீட்டுத் தம்பியைப் பின்காரில் இருத்திவிடுகிறோம். வேறு ஆட்களையும் பிள்ளைகளையும் பின்காரில் ஏற்றவே வேண்டாம்.

கயிற்றில் போகும்போது பிரேக் போடுகிற வேலை பின்காருடையது. இதை இரண்டு சாரதியும் ஒருவருக்கொருவர் வாயால் சொல்லிவிட்டுப் புறப்படவேண்டும். முன்வண்டி சற்றுக் கடுமையாகப் பிரேக் பிடித்தால், பின்னவர் கவனிக்காமல் விட்டால், 4 மீற்றர் இடைவெளி ஒன்றரைச் செக்கனுக்குள் முடிந்துவிடும். முன்னவர் 50 மீற்றருக்கு முன்பே பிரேக் மிதியை லேசாகத் தொட்டு லைட்டைக் காட்டவேண்டும். வேகத்தைக் குறைப்பது பின்னவர், கயிறு இறுகியபடியே இருக்க. கயிறு தொய்வது கண்ணில் பட்டால் பின்னவர் உடனே லேசாகப் பிரேக்கைத் தொடவேண்டும். தொய்ந்த கயிற்றின்மேல் முன்சக்கரம் ஏறினால் அது சுற்றிக்கொண்டு பிரேக் குழாயையும் சேர்த்து இழுத்துவிடும்.

தொடங்கும்போது முன்வண்டி முதலாம் கியரில், கிளச்சில், ஆமை வேகத்தில் கயிற்றை இறுக்கி, இறுகிய பிறகுதான் காலைக் கொடுக்கவேண்டும். வேகம் மணிக்கு 20 முதல் 25 கிலோமீற்றர். வளைவில் முன்வண்டி அகலமாக எடுக்கட்டும், பின்னவர் உள்ளே வெட்டக் கூடாது. ஹசார்ட் லைட் இரண்டு வண்டியிலும் எரியட்டும், ஆனால் அது எரியும்போது சிக்னல் காட்ட முடியாது என்பதால் திரும்பும்போது கையையும் வெளியே நீட்டுங்கள். ஹோர்ன் ஒன்று மெதுவாக, இரண்டு நிறுத்து என்று முன்பே பேசி வையுங்கள். ஐந்து கிலோமீற்றருக்கு ஒருமுறை நிறுத்தி, நாலு சக்கரத்தின் நடுப்பகுதிக்கும் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் சுட்டால் அதில் பிரேக் பிடித்திருக்கிறது, பெரும்பாலும் ஹாண்ட் பிரேக் முழுதாக இறங்கவில்லை. முன்வண்டியின் வெப்ப முள்ளையும் பாருங்கள், கிளச் கருகும் மணம் வந்தால் ஆறவிடுங்கள்.

இறக்கத்தில் கயிற்றுக்கு வேலையே இல்லை. கோணேசர் கோயிலடியில் மேலே நின்றுவிட்ட காரைக் கயிற்றில் கட்டி இறக்குவது, பிரேக் உதவி இல்லாத காரை முன்வண்டியின் முதுகை நோக்கி உருளவிடுவதுதான். அங்கே நடந்து போகிற சனமும் மானும் வேறு. இறக்கத்துக்கு இரண்டு வண்டியையும் இணைக்கும் வளையாத இரும்புப் பார் வேண்டும், அல்லது கரியர்.

பார் கயிற்றைவிட எல்லா வகையிலும் நல்லது. தொய்யாது, வெடுக்கென்று இழுக்காது, இடைவெளி மாறாது. வெளிநாடுகளில் வீடு மாதிரி அமைத்த பெரிய வான்களுக்குப் பின்னால் சின்னக் காரை நாலு சக்கரமும் தரையில் உருள இழுத்துக்கொண்டு நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் போகிறார்கள். அவர்கள் அதற்குக் கையால் கியர் போடும் காரைத் தேடி எடுப்பதும், இழுக்கலாம் என்று கையேட்டில் எழுதியிருக்கிறதா என்று பார்த்தே வாங்குவதும் மேலே சொன்ன காரணங்களுக்காகத்தான். அடிச்சட்டத்தில் போல்ட் போட்ட தகடு, அதில் முக்கோணப் பார், பார் கழன்றால் தாங்க அதன் அடியில் குறுக்காகப் போட்ட இரண்டு சங்கிலிகள், பின்காரிலேயே தனியாக வேலை செய்யும் பிரேக், இரண்டும் பிரிந்தால் அந்தப் பிரேக்கைத் தானாகப் பிடிக்கவைக்கும் வயர், முன்வண்டியோடு சேர்ந்து எரியும் லைட்: இவ்வளவும் இருந்தால்தான் நெடுந்தூரம் போகலாம். எங்கள் கராஜ்களில் குழாயை ஒட்டிச் செய்யும் பாரில் இவற்றில் முதல் இரண்டும்தான் இருக்கும். சங்கிலியையாவது கேட்டுப் போடுவியுங்கள். பார் தரைக்குச் சமாந்தரமாக இருக்கட்டும். சரிந்திருந்தால் பிரேக் பிடிக்கும்போது ஒரு வண்டியின் மூக்கைத் தூக்கும். பாரோடு ரிவர்ஸ் எடுக்கவே வேண்டாம். பின்காரின் முன்சக்கரங்கள் ஒரு பக்கமாக முழுதாகத் திரும்பி, பாரும் ஸ்டியரிங்கும் வளையும். தவறான வழியில் நுழைந்துவிட்டால் கழற்றித் திருப்பி மீண்டும் பூட்டுவதுதான் வழி.

கரியர் வந்த பிறகும் ஒரு சிக்கல் இருக்கிறது. பிரியஸில் கியரைப் பார்க்கிலிருந்து எடுப்பது மின்சாரத்தால். 12 வோல்ற் பெற்றரி முழுதாக இறங்கியிருந்தால் நியூட்ரலுக்கு வராது, சக்கரம் பூட்டியபடி நிற்கும். அப்படியே வின்ச்சால் இழுத்து ஏற்ற விடாதீர்கள். வேறொரு வண்டியிலிருந்து மின்சாரம் கொடுத்து நியூட்ரலுக்கு எடுக்கலாம், அல்லது சக்கரத்தின் கீழ் உருளைத் தட்டு வைத்து ஏற்றலாம். மற்ற ஓட்டோ கியர் கார்கள் பலவற்றில் கியர் தண்டுக்குப் பக்கத்தில் சின்ன மூடி ஒன்று இருக்கும். அதற்குள் சாவியால் அழுத்தினால் தண்டு விடுபடும். ஏற்றிய பின் பெல்ட்டை டயரின்மேல் போட்டுக் கட்டச் சொல்லுங்கள், சஸ்பென்ஷனில் அல்ல.

மணலில் புதைந்த காருக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. நிலாவெளிக் கரையில் அச்சு வரை இறங்கிய காரை அசைக்கச் சில நூறு கிலோ இழுவை வேண்டும். டயர்க் காற்றை 15 முதல் 18 பி.எஸ்.ஐ. வரை இறக்கி, சக்கரத்துக்கு முன்னால் மணலைத் தோண்டி, பலகை கொடுத்த பிறகு இழுங்கள். தார் வீதிக்கு வந்ததும் காற்றை நிரப்பாமல் ஓடவேண்டாம்.

பெற்றரி இறங்கிய காரை இழுத்து ஸ்டார்ட் பண்ணும் பழக்கத்தையும் விடலாம். ஓட்டோ கியரில் அது நடக்கவே நடக்காது. கைக் கியரில் எஞ்சின் பற்றிய கணமே கார் முன்னால் பாயும், முன்னால் நாலு மீற்றரில் ஒரு வண்டி நிற்கிறது.

எந்த வீதி, எந்த நேரம் என்பதும் முக்கியம். கிண்ணியாப் பாலம் 396 மீற்றர். நடுவில் கயிறு அறுந்தால் இரண்டு பக்கப் போக்குவரத்தும் நின்றுவிடும், ஆகவே ஏறுமுன் நிறுத்திக் கயிற்றையும் இழுவைக் கண்ணையும் பார்த்துவிட்டு ஏறுங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் அங்கே கரியரில் ஏற்றிய வானும் ஆடும். ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில் பொழுதுபட்ட பிறகு யானை வீதிக்கு வரும். கயிற்றில் கட்டிய இரண்டு வண்டியால் பின்னுக்கு எடுக்க முடியாது, சட்டென்று திரும்பவும் முடியாது. அந்தப் பாதையில் நாலு மணிக்குப் பிறகு இழுக்கத் தொடங்கவேண்டாம். ஹபரணையிலோ கந்தளாயிலோ காரைப் பத்திரமான இடத்தில் விட்டுவிட்டு விடிந்ததும் கரியரைக் கூப்பிடுங்கள். மூதூர்ப் பக்கமும் குச்சவெளிப் பக்கமும் இரவில் கட்டாக்காலி மாடுகள் தாரின் சூட்டுக்கு வீதியில் படுத்திருக்கும். இருபது கிலோமீற்றர் வேகத்தில் போனாலும் மாட்டைக் கண்டு முன்னவர் திடீரென்று பிடிக்கும் பிரேக்குக்குப் பின்னவரிடம் இருப்பது அதே ஒன்றரைச் செக்கன்தான்.